செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு மகளோடு

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருநெல்வேலிப் பக்கமிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய், சாரத்தின் உச்சியில் நின்று சிமெண்டு பூசியவன். இன்று அங்கே எனக்குச் சொந்தச் சமையல்கூடம் இருக்கிறது. தமிழர் கல்யாணம் என்றால் முதலில் என் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பிடிக்கிறார்கள். டிகிரி படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட எனக்கு மும்பை லோக்கல் ரயிலில் கைகால் உதறியது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மும்பைக்குப் போனது மகளைக் கூட்டிவர. தேன்மொழிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய்வீடு கடல் தாண்டி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. மாப்பிள்ளை பாலமுருகன் தாராவியில் பிறந்து வளர்ந்த பையன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது இரண்டு பேரும் பழகிவிட்டார்கள். அவருடைய பெர்மிட் முடிந்து ஊர் திரும்பியதும் கல்யாணம் முடித்து அவளும் பின்னால் போய்விட்டாள். என் வீட்டில் எல்லா முடிவும் நான் எடுப்பது. அந்த ஒன்றை மட்டும் அவள் எடுத்தாள்.

பயம் விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. வெளிநாட்டவர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பிறந்த நாட்டில் வெளிநாட்டவனாக நிற்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு நினைப்பு வந்தது. என் மகளும் இங்கே இந்த வரிசைக்காரிதானே? இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கும் அட்டையை வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவது மாடி வீட்டுப் பெண் ஒருத்தி அப்படித்தான் போனாள், லிப்டில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு. இங்கே என் மகளுக்கு என்ன சட்டமோ? டாக்சியில் வந்த வழியெல்லாம் அந்தப் பெண்ணின் சிரிப்புதான் கண்ணில் நின்றது.

செம்பூரில் அவர்களுக்கு ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வீடு. மகள் கதவைத் திறந்தாள். முகம் சிறுத்து வயிறு பெருத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை, ஷிப்டு. பிள்ளை பிறக்கும்போது அவருக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டேன். அப்பாவுக்கு லீவு என்று ஒரு சட்டம் தனியார் வேலையில் இல்லை என்றார். சிங்கப்பூரில் தகப்பனுக்கே வாரக்கணக்கில் சம்பளத்தோடு லீவு உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். "பிள்ள அந்த ஊர் சிட்டிசனா இருந்தாத்தானே மாமா அது?" என்றார் சாந்தமாக. உண்மைதான். அங்கே தாய்க்குக் கிடைக்கும் நீண்ட லீவும் பிள்ளையின் குடியுரிமையைப் பார்த்துத்தான். பிள்ளை வெளிநாட்டுக் குடிமகன் என்றால் லீவு குறைந்துவிடும்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகள் விஷயத்தைச் சொன்னாள். இந்த நாட்டில் பிரசவ லீவு ஆறு மாதம், முழுச் சம்பளத்தோடு. ஆனால் பிரசவத்துக்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் எண்பது நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அவள் வேலையில் சேர்ந்ததே ஆடி மாதம்தான். அவள் கணக்கில் எண்பது முடிந்துவிட்டது. திங்கட்கிழமை லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்பிவிடலாம் என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கணக்கில் நான் புலி என்று என் ஊரே சொல்லும். எப்படி எண்ணினாய் என்று கேட்டேன். சொன்னாள். பிள்ளையார் சதுர்த்தி, காந்தி பிறந்தநாள், தசரா, தீபாவளி என்று ஆபீஸ் மூடிக் கிடந்த நாட்களையும் சேர்த்து எண்ணியிருந்தாள்.

"ஏட்டி, கதவு பூட்டிக் கெடந்த நாளை எந்த மொதலாளி வேலை நாள்னு ஒத்துக்கிடுவான்?" என்றேன்.

"சம்பளம் குடுத்தாங்களே பா."

"குடுத்தது அவன் தர்மம். கேட்டா, வேலை செஞ்ச நாளைக் காட்டுன்னுதான் சொல்லுவான். நீ வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டு வேற. ஒரு நாள் கொறஞ்சாலும் புடிச்சுக்கிடுவான்."

கட்டட வேலையில் எனக்கு நாள் கூலி. மழை பெய்தாலும், பெருநாள் வந்தாலும், பூச்சுக் கரண்டியைத் தொடாத நாள் நாளே இல்லை. அந்தக் கணக்கில்தான் நான் முன்னுக்கு வந்தேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பண்டிகை நாட்களைக் கழித்ததும் எண்பதுக்குக் கொஞ்சம் துண்டு விழுந்தது. ஏழெட்டு நாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வாரம் போகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் கணக்கை அவள் எதிர்த்ததில்லை.

நான் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மறுநாள் காலை அவளை ஆபீசுக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். செம்பூரில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறிக் கடந்து, வேறு ரயில் பிடித்து, சயானைத் தாண்டி மாட்டுங்கா. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கதவு மூடிய பிறகுதான் வண்டி நகரும். இங்கே கதவு இருக்கிறதா என்பதே தெரியவில்லை, அந்த இடம் முழுக்க மனிதர்கள். ஊனமுற்றோருக்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, கர்ப்பிணிகளும் அதில்தான் ஏறுகிறார்கள். மகளோடு நானும் ஏறப் போனேன். ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெண், பெரியவரே உமக்கு எந்தக் கால் இல்லை என்று இந்தியில் கேட்டாள். பெட்டியே சிரித்தது. இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு ஓடினேன்.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவள் ஒரு பெட்டி, நான் அடுத்த பெட்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கழுத்தை வெளியே நீட்டி, அவள் பெட்டியில் யாராவது சத்தம் போடுகிறார்களா என்று பார்ப்பேன். குர்லா பாலத்தில் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நடப்பேன். மக்கள் என் கை மேல் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு படிக்கட்டில் அவள் நின்று மூச்சு வாங்கினால் என் மூச்சு நின்றுவிடும். இரண்டு வாரம் என்று வாயால் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு வருஷமாக நகர்ந்தது.

அவளை ஆபீஸ் வாசலில் விட்டபின் மாட்டுங்காவில் காபி. அந்தக் காபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் கோப்பிக் கடையில் கிடைப்பது வேறு சரக்கு. இது பித்தளை டபராவில் நுரையோடு வருகிறது, முதல் வாய் நெற்றிப்பொட்டு வரைக்கும் போகிறது. ரச வடையும் அப்படித்தான். சமையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், என் கையில் அந்தப் பக்குவம் வருவதற்கு இன்னும் கொஞ்சம் குனிந்து கற்க வேண்டும். தினமும் என் எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். நாராயணன் சார். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆட்களின் சம்பளம், விடுப்பு விவகாரங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அமெரிக்காவில். அங்கே பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டமே இல்லையாம். சம்பளமில்லாத லீவுக்கே கம்பெனி பெரிதாக இருக்க வேண்டும், அதில் ஒரு வருஷம் முடித்திருக்க வேண்டும். அவர் மகள் முதல் பிள்ளைக்குச் சேர்த்து வைத்த லீவைத்தான் எடுத்தாள் என்றார். நான் என் சமையல்கூடத்தின் அளவு, அடுப்புகளின் எண்ணிக்கை, மந்திரி வந்து சாப்பிட்டது எல்லாம் சொன்னேன். என் மகள் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. என் கணக்கை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கொடுப்பதா?

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் வளைகாப்பு. சம்பந்தியம்மாளுக்கு, எனக்கு மதினி முறை, தோல் பட்டறைகளுக்குப் பின்னாலுள்ள சந்தில் மாடி வீடு. ஏணிபோல் செங்குத்தான இரும்புப் படி. மகள் ஏறும்போது கீழே நான் நின்றேன், விழுந்தால் என் மேல் விழட்டும் என்று. மேலே எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், கருப்பட்டி போட்ட இனிப்பு, அச்சு அசல் திருநெல்வேலி வாசம். மதினி என்னை விடவில்லை.

"அண்ணாச்சி, சோறு எங்க வீட்டுல, தூக்கம் லாட்ஜிலயா? எங்க வீட்டுப் பாய் உங்களுக்கு முள்ளாக் குத்துதோ?"

பெண்கள் வளையலைப் போட்டுக்கொண்டே உலகத்தையே பேசினார்கள். தாராவியில் ஒரு சந்துக்கு நான்கு நாடு இருக்கிறது. ஒருத்தியின் தங்கை துபாயில். அங்கே வேலை பார்க்கிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் எல்லாருக்கும் ஒரே சட்டம், இரண்டு மாதம்தான், அதிலும் கடைசியில் அரைச் சம்பளம். இன்னொருத்தியின் நாத்தனார் இங்கிலாந்தில் நர்ஸ். விசாவில் அரசாங்க உதவியைத் தொடக்கூடாது என்று அச்சடித்திருக்கிறதாம். அதைப் பார்த்துப் பயந்து பிரசவச் சம்பளத்தைக் கேட்காமலே இருந்திருக்கிறாள். கடைசியில் பார்த்தால் அது அந்தத் தடையில் சேராதாம். ஜெர்மனியில் ஒரு தம்பி பெண்டாட்டி. அங்கே பிள்ளை வளர்க்கத் தரும் பணத்தைக் கையிலுள்ள அட்டை என்ன வகை என்று பார்த்துத்தான் கொடுப்பார்களாம், சில அட்டைக்கு உண்டு, சிலதுக்கு இல்லை. ஒரு நாட்டில் பிள்ளையைப் பார்க்கிறார்கள், ஒன்றில் அட்டையைப் பார்க்கிறார்கள், ஒன்றில் ஒன்றையுமே பார்க்காமல் கையை விரிக்கிறார்கள். இங்கே எதைப் பார்ப்பார்களோ?

இரண்டாவது வாரத் தொடக்கத்தில் அது நடந்தது. குர்லாவில் வண்டி தாமதம், கூட்டம் இரண்டு மடங்கு. மகளை அவள் பெட்டியில் ஏற்றிவிட்டு நான் அடுத்ததில் தொங்கினேன். சயானில் இறங்குகிற கூட்டம் என்னையும் அள்ளிக்கொண்டு வெளியே போட்டுவிட்டது. திரும்பி ஏறுவதற்குள் வண்டி நகர்ந்தது. அவள் பெட்டி என்னைக் கடந்து போனபோது கம்பிக்குள் அவளைத் தேடினேன். அவள் நேராக நிற்கவில்லை, பாதி சரிந்திருந்தாள். யாரோ ஒருத்தியின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அடுத்த வண்டி வருகிற வரை அந்தப் பிளாட்பாரத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. என் கையில் கிடந்த தங்க வாட்சை யாரோ தொட்டது தெரிந்தது, உதறக்கூட இல்லை. மாட்டுங்காவில் குதித்து இறங்கினேன். ஒரு பெஞ்சில் மகள் படுத்திருந்தாள். தலை, அன்று என்னைக் கேலி செய்த ஊன்றுகோல்காரியின் மடியில். முகத்தில் ரத்தமே இல்லை. ரத்தம் சுடிதாரில் இருந்தது.

"நீங்கதான் அப்பாவா?" என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டாள். "இந்த நிலைமையில் இவளை எதுக்கு ஆபீசுக்கு அனுப்புறீங்க?"

நான் மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி வெளியே கூட்டிவந்தேன்.

டாக்சியில் சயானிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே, இன்னைக்கு நாள் கணக்குல சேருமா பா என்று கேட்டாள். வெயிலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வேலை உடுப்போடு ஓடிவந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்தார். பிள்ளையின் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, இனி படுக்கையை விட்டு எழக்கூடாது, ரயிலும் வேண்டாம், விமானத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை தப்பியது. இனி லீவு? என் கணக்குப்படி எண்பது ஆகவில்லை. அவள் சம்பளம் இல்லாமல் அந்த வீட்டு வாடகை தாங்காது, வேலையும் போய்விடலாம். நான் கொடுக்கிறேன் என்றால் அவள் வாங்க மாட்டாள், அந்த ரோஷம் என்னிடமிருந்து வந்தது. மறுநாள் காலை மகள் இல்லாமல் தனியாக மாட்டுங்காவுக்குப் போய், நாராயணன் சாருக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காபி ஆறிப்போனது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பண்டிகை நாளைச் சேர்த்து எண்ணினேளோ?"

"ஆபீஸ் மூடியிருந்த நாளு, சார். அதெப்படி?"

"சம்பளத்தோட விடணும்னு சட்டமே சொல்ற விடுமுறை, வேலை பார்த்த நாளாத்தான் கணக்கு. உம்ம பொண்ணு எண்ணினது சரி. யார் கழிக்கச் சொன்னா?"

ஆறிய காபியை நான் ஒரே மடக்கில் குடித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்காமல் எனக்கு இன்னொரு காபி சொன்னார். கர்ப்பத்தால் உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டர் சீட்டோடு தனியாக ஒரு மாதம் சம்பளத்துடன் உண்டு என்றும் சொன்னார். முதல் நாளே, அடுப்புகளின் எண்ணிக்கையைச் சொன்ன வாயால் இதைக் கேட்டிருந்தால் அந்தக் குர்லா பாலமே இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்ததும் மகள் படுத்தபடியே ஆபீசுக்கு எழுதினாள். நாட்கள் சரி என்று பதில் வந்தது. ஆனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதால் தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். அதோடு என் உறக்கம் போனது. லாட்ஜ் சீலிங் பேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன், மூன்றாவது மாடிப் பெண் லிப்டில் சிரிப்பாள்.

காத்திருந்த நாட்களில் ஒரு காலை, வீட்டில் பாத்திரம் தேய்க்க சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வரும் மாரியம்மாவைக் கவனித்தேன். குனிய முடியாமல் குனிந்தாள். அவளுக்கும் ஐந்தாம் மாதமாம். உனக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு லீவா?" என்று சிரித்தாள். "நாலு நாள் வரலைன்னா அஞ்சாம் நாளு வேற ஆளு நிக்கும் மாமா."

அவள் இந்த நாட்டுக்காரி. எந்த வரிசையிலும் நிற்க வேண்டாதவள். வீட்டு வேலைக்கு அந்த ஆறு மாதச் சட்டம் வராது என்று மாப்பிள்ளை சொன்னார். நான் இத்தனை நாளும் பாஸ்போர்ட்டை நினைத்தே நடுங்கிக்கொண்டிருந்தேன். மாரியம்மா பிள்ளை பெற்று மீண்டு வருகிற வரை சம்பளம் நிற்காது, வேறு ஆளும் வராது என்று மகள் உள்ளேயிருந்து சொன்னாள். இந்த முடிவையும் அவள்தான் எடுத்தாள். இந்த முறை நான் கையைக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மகள் படித்தாள், மாப்பிள்ளை ஒருமுறை படித்தார், எனக்காகத் தமிழில் சொன்னார்கள். சட்டம் வேலை பார்த்த பெண் என்றுதான் சொல்கிறது, எந்த நாட்டுப் பெண் என்று கேட்கவில்லை, முழு லீவும் உண்டு. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

மிச்சமிருந்தது தாய்வீடு. பிள்ளை பிறக்கப் போவது இங்கேதான், அதனால் தாய்வீட்டை இங்கே கொண்டுவர வேண்டியதுதான். என் மனைவிக்குப் போன் போட்டு, சமையல்கூடத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரச் சொன்னேன். மகள் வீட்டு மாடியிலேயே வராண்டாவின் கடைசியில் கோடி வீடு காலியாக இருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுவதென்றால் போலீசில் பதிய வேண்டுமே என்று ஏஜெண்ட் இழுத்தார். என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பிறந்த ஊரின் பெயர் அதில்தான் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவர் கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தேன். மதினி தாராவியிலிருந்து புதுப் பானை, விளக்கு, மணை எல்லாம் டெம்போவில் ஏற்றி வந்தாள். "சிங்கப்பூரு சுருங்கி நம்ம செம்பூருக்குள்ள வந்துட்டு" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

என் மனைவி வந்து பால் காய்ச்சினாள். டாக்டரம்மாவிடம் கேட்டு, மெதுவாக நாலு எட்டு நடக்கலாம் என்று அனுமதி வாங்கினோம். தலை நிறையப் பூவும், தாராவியில் போட்ட வளையல்களுமாக மகள் அவள் வீட்டு வாசலைத் தாண்டினாள். கோடி வீட்டு வாசலில் அவள் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"இவ்ளோ தூரம்தானா பா?" என்றாள் மகள்.

அந்த வராண்டாவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கீழே எங்கோ செம்பூர் ரயில் போகும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, நான் நடந்தேன்.